நுனி இழந்த மரம்

மரம் வளர்ப்பது பிள்ளை வளர்ப்பதற்கு ஒப்பாகும் எனப் பெரியோர் கூறுவர். அக்கூற்றின் பொருளை நாங்கள் ஏட்டில் படித்து உணரவில்லை. எங்கள் கைகள் செய்த ஒரு பிழையால் உணர்ந்தோம். இன்று இப்பள்ளியில் பயிலும் தம்பி தங்கையருக்கும், அவர்தம் பெற்றோருக்கும் அதனை எடுத்துரைப்பது பயன் தரும் என எண்ணுகிறோம்.

1981ஆம் ஆண்டு நாங்கள் நான்காம் வகுப்பில் பயின்றோம். ஆங்கிலப் பாடநூலில் பனி படர்ந்த ஸ்புரூஸ் மரத்தின் படத்தைக் கண்டு, "ஐயா, இம்மரம் நம் பள்ளியில் வளருமா?" எனத் தலைமையாசிரியரிடம் வினவினோம். "அது குளிர்நாட்டு மரம், நம் வெயிலில் வாழாது. ஆயினும், அதன் சாயலுடைய வேறொரு மரம் உண்டு" என்றார் அவர். அடுத்த வாரமே பட்டணத்திலிருந்து ஒரு சாண் உயரக் கன்று ஒன்றைத் தகரக் குவளையில் கொணர்ந்தார். அதுவே நார்ஃபோக் பைன்.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் பெருங்கடலில் உள்ள நார்ஃபோக் தீவு அதன் தாயகம். அங்கே அது 50 மீட்டருக்கு மேலும் ஓங்கி வளரும். 1774ஆம் ஆண்டு அத்தீவைக் கண்ட கேப்டன் குக், நெடிது நின்ற அம்மரங்கள் கப்பலின் பாய்மரங்களுக்கு உகந்தவை எனக் கருதினார். பின்னரோ, அதற்கேற்ற உறுதி அம்மரத்திற்கு இல்லை எனத் தெரியவந்தது. தோற்றத்தைக் கண்டு தவறாக எண்ணியவர் எங்களுக்கு முன்பும் இருந்தனர் என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம்.

கட்டடத்திற்கும் மின்கம்பிக்கும் தொலைவாக, நீர் தேங்காத மேட்டில் கன்றை நட்டோம். முறை வைத்து நீர் ஊற்றினோம். மண்வெட்டி தண்டில் பட்டுவிடாதபடி சுற்றிலும் புல்லைக் கையால் களைந்தோம். காய்ந்த புல்லைத் தண்டில் படாமல் அடியில் பரப்பினோம். கிளைகள் அடுக்கடுக்காய், குடை விரித்தாற்போல் எழுந்தன. மறு ஆண்டு அது எங்கள் இடுப்பளவு உயர்ந்து நின்றது.

விளையாட்டு விழா நெருங்கியது. பள்ளி வேலியிலிருந்த செம்பருத்தியைக் கத்தரிக்கும் பணி எங்களுக்குக் கிடைத்தது. கத்தரித்தால் செம்பருத்தி அடர்ந்து தழைப்பதை அறிவோம். பால்மர நாற்றுமேடையிலும், ஒட்டுப் பிடித்த பின் கன்றின் தலையை அறுத்துவிட, ஒட்டிய கண்ணிலிருந்து புதுத்தண்டு எழுவதைக் கண்டிருக்கிறோம். ஆகவே, எங்கள் மரமும் அடர்ந்து அழகு பெறட்டும் என்று அதன் நுனியைக் கத்தரித்துவிட்டோம்.

வாரங்கள் கழிந்தன. பக்கக் கிளைகள் நீண்டனவேயன்றி, மரம் மேலே எழவில்லை. அஞ்சிய நாங்கள், ஒரு பக்கக் கிளையை வெட்டிப் பின்புறத்தில் இரகசியமாக நட்டோம். அது வேர் பிடித்தது. ஆனால் நிமிராமல், தரையோடு படுத்தே வளர்ந்தது.

முடிவில் தலைமையாசிரியரிடம் உண்மையை உரைத்தோம். பிரம்பு பேசும் என நடுங்கி நின்றோம். அவரோ, ஒட்டுக்கட்டும் வேலையிலேயே ஆயுளைக் கழித்த முதியவர் ஒருவரை அழைத்து வந்தார். மரத்தையும் எங்கள் கள்ளக் கன்றையும் அவர் நெடுநேரம் நோக்கினார்.

"பிள்ளைகளே, இதன் பக்கக் கிளைக்குப் படுத்து வளரத்தான் தெரியும், அதை நட்டாலும் மரமாய் நிமிராது. மேலே போகும் வழி நுனிக்கு மட்டுமே தெரியும். அதைத்தான் நீங்கள் வெட்டிவிட்டீர்கள். இனித் தண்டிலிருந்தே புதுத் தளிர் வர வேண்டும். வந்தால் ஒன்றை மட்டும் விடுங்கள், பொறுத்திருங்கள்" என்றார்.

தலைமையாசிரியர் எங்களிடம் சொன்னது ஒன்றே: "செம்பருத்திக்குச் செய்ததை இதற்கும் செய்தீர்கள். இரண்டும் ஒன்றா என்று கேட்கவில்லை."

ஆறாம் வகுப்பில், வெட்டுப்பட்ட இடத்தருகே தண்டிலிருந்து இரு தளிர்கள் நிமிர்ந்து எழுந்தன. முதியவர் சொற்படி வலியதை விட்டு, மற்றதை நீக்கினோம். அன்று நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

எங்களுள் பலர் இன்று பட்டணங்களில் வாழ்கின்றோம். பள்ளிக்கு வரும்போதெல்லாம் அம்மரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். கூரைக்கு மேல் ஓங்கி நிற்கிறது. ஆனால் எங்கள் இடுப்பளவு உயரத்தில், தண்டில் ஒரு கோணல் இருக்கிறது. அது மறையவில்லை, மறையவும் மறையாது.

தம்பி தங்கையரே, உயிருள்ள எதன்மீதும் கத்தி வைக்குமுன் அதன் இயல்பை அறிந்தோரைக் கேளுங்கள். பிழை செய்துவிட்டால் மறைக்காதீர்கள். காலத்தே சொன்னால் திருத்த வழி உண்டு. பெற்றோரே, ஒரு பிள்ளைக்குப் பொருந்திய கண்டிப்பு மற்றொரு பிள்ளையின் நுனியைக் கிள்ளிவிடலாம். அக்கோணலை ஒரு முறை வந்து தொட்டுப் பாருங்கள்.

— முன்னாள் மாணவர்கள்