பெல்ட் ஓடுதா?

கைலிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. காசுக்கு ஒரு பை, பீடிக்கு ஒரு பை. பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட பெல்ட்டும் தெரிந்ததே. பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுவது என்று நினைத்து நெய்வேலிக்குக் குடிவருகிறவர் முதல் வாரமே குழம்பிப்போவார். "பெல்ட் அறுந்துடுச்சு, வர நேரமாகும்" என்று அடுத்த வீட்டுக்காரர் போனில் சொன்னால், அது செருப்புத் தைப்பவரிடம் போய்த் தீர்கிற சங்கதி அல்ல.

அறுந்தது நெய்வேலிச் சுரங்கத்தின் பெல்ட். நேரு 1957 மே 20 அன்று தொடங்கிவைத்த சுரங்கம் அது. பழுப்பு நிலக்கரி கண்ணில் பட 1961 ஆயிற்று. அத்தனை மண் மேலே கிடந்தது. இன்றும் ஒரு டன் கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். பக்கெட் வீல் இயந்திரம் சுரண்டிப் போடுவதைச் சுமந்து போவது ரப்பர் பெல்ட். உள்ளே எஃகுக் கம்பிகள் ஓடும். அகலமானவை 2,400 மில்லிமீட்டர், இரட்டைக் கட்டிலைவிடப் பெரிது. மண் அதைப் பரப்பிக் கொட்டும் ஸ்பிரெடருக்குப் போகும், கரி மின்நிலையத்துக்குப் போகும். வழியில் ஒரு பெல்ட் நின்றால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் நிற்க வேண்டும். ஐப்பசி மழையில் களிமண் ஒட்டிக்கொண்டால் படும் பாடு தனி. அறுந்த இடத்தில் கம்பிகளை அடுக்கி, வேகாத பச்சை ரப்பர் வைத்து, சூடேற்றி அழுத்தி ஒட்டுவதற்குப் பல மணி நேரம் ஆகும். ஷிப்ட் மாறும்போது "பெல்ட் ஓடுதா?" என்பதுதான் இங்கே நலம் விசாரிப்பு.

உடுப்பின் பெயரைத் தாங்கிய இந்த பெல்ட்டுக்கு உடுப்பே ஆகாது. தொங்கும் துண்டு, பறக்கும் சட்டை நுனி, எது சிக்கினாலும் ஆளையும் சேர்த்து இழுக்கும். ஓடும் இயந்திரத்தில் கைவைக்கப் போகும் தொழிலாளி உடம்பை ஒட்டிய உடை அணிய வேண்டும், அதை நிர்வாகமே தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 22-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. உயரத்தில் ஏறுபவரைக் காத்த இடுப்பு பெல்ட்டும் மாறிவிட்டது. விழும்போது இடுப்பையே முறிக்கக்கூடும் என்பதால், தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் கவசவார் வந்திருக்கிறது.

டவுன்ஷிப்பைத் தாண்டினால் சொல்லின் பொருள் மறுபடி மாறும்; அங்கே பெல்ட் என்றால் வட்டாரம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி பெல்ட், கிழக்கே நெல் பெல்ட். 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளர்ந்து நின்ற பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தப்பட்டது என்றது சுரங்க நிர்வாகம். நட்ட பயிரை அறுக்கவிட்டிருக்கலாமே என்றார்கள் விவசாயிகள். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தாலும், பயிர் அழிந்தது ஒரு தரப்புக்குத்தான்.

கரி பெல்ட்டும் நெல் பெல்ட்டும் கிடப்பது ஒரே மண்ணின் மேல். மண்ணை அள்ளிப் போக பெல்ட் போட்டவர்களுக்கு, கரி எடுத்த குழியை மூடி, ஏர் ஓட்டத் தகுந்த நிலமாகத் திருப்பித் தரும் கடனும் உண்டு. அது முடியும்வரை கணக்கு நேராகாது.