பழைய வீடுகளும் ஒரு பழைய கடனும்



காயல்பட்டினத்தில் அண்மைக் காலமாக ஒரு நல்ல வழக்கம் தோன்றியிருக்கிறது. விடுமுறைக்கு ஊர் திரும்பும் இளைஞர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து, பழமையான வீடொன்றைத் தேர்ந்து, அதன் முற்றத்தில் பாய் விரித்து ஊர் வரலாற்றைப் பேசுகின்றனர். பேச்சு முடிந்ததும் பழைய பள்ளிவாசல்கள், அவற்றின் வளாகத்திலுள்ள அரபுக் கல்வெட்டுகள், தெருக்கள் என ஒரு சுற்று நடை. பின்னர் தேநீர். நம் மதரஸா மாணவியரையும் அழைத்துக்கொண்டு இத்தகைய அமர்வுகள் சிலவற்றுக்கு நாம் சென்று வந்தோம். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகள் தம் ஊரைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கின்றனர்.

ஆயினும் எங்கு சென்றாலும் குதிரைகள்தாம்! 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்த காயல் துறைமுகம், ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் பாண்டியருக்காக வந்திறங்கிய குதிரைகள், பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிப்பிடும் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்று பேச்சு நீளும். பிறகு, போலோ கண்ட காயல் இன்றைய காயல்பட்டினமா, தாமிரபரணிக் கழிமுகத்தை ஒட்டிய பழையகாயலா என்ற வழக்கு எழும். கால்டுவெல் காலத்திலிருந்து நடந்துவரும் அந்த வழக்கிலேயே பாதி நேரம் கழிந்துவிடும். இவ்வூரில் பிறந்து கீழக்கரையில் அடக்கமாகியிருக்கும் ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களைப் பற்றியும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவரைப் பற்றியும் சொல்வதற்குக் கடைசிப் பத்து நிமிடங்கள் வாய்த்தால் பெரிது. இவையெல்லாம் அறிய வேண்டியவையே. ஆனால் எந்த வீட்டில் அமர்ந்து பேசுகிறோமோ அந்த வீட்டைப் பற்றி எவரும் ஒரு சொல் சொல்வதில்லை. தூண்களின் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்பதோடு வீட்டின் வரலாறு முடிந்துவிடுகிறது.

நம் ஊர் வீட்டுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இங்கே திருமணமான பெண் வீடு மாறுவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடும் பெரும்பாலும் மகளுக்கே கொடுக்கப்படுகிறது. ஆகவே ஒரு வீட்டின் வரலாறு உம்மாவிடமிருந்து மகளுக்கும், அவரிடமிருந்து அவர் மகளுக்கும் செல்கிறது. ஆடவர் கொழும்பிலும் கல்கத்தாவிலும் ஹாங்காங்கிலும் வணிகம் செய்துவிட்டு ஆண்டுக்கொருமுறையோ ஈராண்டுக்கொருமுறையோ வந்து சென்றனர். வீட்டை நடத்தியவர்கள் பெண்கள். வீடுகளுக்கு இடையே ஓடும் முடுக்குகள் அவர்களுடைய தெருக்கள். ஒரு வீட்டின் பின்கட்டிலிருந்து மற்றொரு வீட்டின் பின்கட்டுக்கு, தெருவில் கால் வைக்காமலேயே போய்ச் சேரலாம். தலைவாசல் வழியே வந்து தலைவாசல் வழியே திரும்பும் வரலாற்று நடை, வீட்டில் பாதியைக்கூடக் காண்பதில்லை.

கண்டதும் முறையாகக் காணவில்லை. சென்ற ஆண்டு ஓர் அமர்வு நடைபெற்ற வீட்டில், எண்பது வயதைக் கடந்த மாமி ஒருவர் வாழ்கிறார். அஸருக்குப் பின் கூட்டம் நிறைந்தது. ஒலிபெருக்கி முழங்கிற்று. சில சகோதரர்கள் கைப்பேசியை உயர்த்தியபடி உள்ளறை வரை சென்று படம் எடுத்தனர். மாமியோ அடுக்களையில் முடங்கி, மஃக்ரிபையும் அங்கேயே தொழுதார். அனுமதி பெறவில்லையா என்று கேட்டபோது, ஹாங்காங்கில் இருக்கும் மருமகனிடம் தொலைபேசியில் பெற்றுவிட்டதாக விடை வந்தது. வீடு மருமகனுடையது அன்று, மாமியுடையது.

சூரா அந்நூரின் 27ஆம் வசனத்தை நம் பிள்ளைகள் மனனம் செய்திருக்கின்றனர். உங்களுடையது அல்லாத வீடுகளில், அனுமதி பெற்று, அவ்வீட்டாருக்கு ஸலாம் சொல்லாமல் நுழையாதீர்கள் என்பது அதன் கருத்து. மும்முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிடில் திரும்பிவிட வேண்டும் என்ற நபிமொழியை அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். வீடு நூறு ஆண்டு பழமையானது என்பதால் இச்சட்டம் தளர்ந்துவிடாது. ஊரார் அனைவருக்கும் உரிய பாரம்பரியச் சொத்து என்று மேடையில் சொல்லிவிடுவது எளிது. ஷரீஅத்தில் அதற்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார், அவர் அடுக்களையில் இருக்கிறார்.

அந்த மாமியே சில நாள்களுக்குப் பின் ஆள் அனுப்பி நம்மை அழைத்தார். முடுக்கு வழியாகச் சென்றோம். மரப்பெட்டியொன்றைத் திறந்து, துணியில் சுற்றிய காகிதக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். “அன்னிக்கு வந்தவங்க தூணைத் தொட்டுப் பார்த்தாங்க. இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா மகளே?” என்றார்.

கட்டு முழுவதும் அரபுத்தமிழ். எழுத்து அரபு, மொழி தமிழ். அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்காக, தால், நூன் போன்ற எழுத்துகளோடு கூடுதல் புள்ளியிட்டு டகரமும் ணகரமும் பிறவும் அமைத்துக்கொண்டனர் நம் முன்னோர். எகர ஒகரங்களுக்கும் தனிக் குறி கண்டனர். மார்க்கச் சட்டமும் மாலைப் பாடல்களும் மட்டுமல்ல, வீட்டுக் கணக்கும் கடிதமும்கூட இதில்தான் எழுதப்பட்டன. குர்ஆன் ஓதக் கற்ற பெண்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாத காலத்திலும் இந்த எழுத்துத் தெரிந்திருந்தது. கணவர் கடல் கடந்து எழுதிய கடிதத்தைப் பிறர் உதவியின்றித் தாமே படித்துக்கொள்ள முடிந்தது. அவர்களை எழுத்தறிவற்றவர்கள் என்று கணக்கெடுத்தவர்கள் இதை எங்கே கண்டார்கள்!

இன்று நம் பிள்ளைகளிடம் இரண்டு பாதியும் தனித்தனியே இருக்கின்றன. அரபு எழுத்தைப் பிழையின்றி ஓதுகின்றனர். தமிழ் அவர்களுடைய தாய்மொழி. கூடுதல் எழுத்துகளையும் குறிகளையும் கற்றுக்கொடுத்தால் போதும். மேல் வகுப்பு மாணவியர் ஆறு பேருக்கு, நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கினோம். மூன்று வாரங்களில், தட்டுத்தடுமாறியேனும் படிக்கத் தொடங்கிவிட்டனர். பேச்சுவழக்கை எழுதியவாறே எழுதியிருந்ததால், சொல் பிடிபடாத இடத்தில் மாமி உதவினார். பிள்ளைகள் எழுத்தைக் கூட்டுவார்கள். அவர் “ஆங், அதுவா” என்று சொல்லை முடித்துவைப்பார்.

தொடங்குமுன் ஒரு நிபந்தனை வைத்தோம். எந்தக் கடிதமும் முதலில் மாமிக்கு மட்டுமே படிக்கப்படும். கணவன் மனைவிக்கு எழுதியது அமானிதம். எழுதியவரும் பெற்றவரும் மறைந்துவிட்டதால் அது கண்காட்சிப் பொருளாகிவிடாது. மாமி சம்மதித்தவை மட்டும் பிறருக்கு. இவ்வாறு படித்தவற்றுள் சில மீண்டும் உறைக்குள் சென்றன. அவற்றில் என்ன இருந்தது என்று ஆறு பிள்ளைகளில் எவரும் இதுவரை வெளியில் சொல்லவில்லை. வரலாற்றுப் பாடத்தில் நாம் மிகவும் மகிழ்ந்தது அதற்காகத்தான்.

மற்றவை அன்றாட வாழ்க்கை: அரிசி விலை, மகளின் கண்ணோய்க்குக் கேட்டறிந்த மருந்து, பிறக்கவிருக்கும் குழந்தைக்கு இரு பெயர்கள், கொழும்பில் கற்கள் விலைபோகவில்லை என்ற கவலை.

பதினோராவது கடிதம் ஹிஜ்ரி 1349, ரஜப் மாதம் எழுதப்பட்டது. ஆங்கில ஆண்டுக்கு 1930இன் இறுதி. மாமியின் உம்மம்மாவுக்கு அவர்தம் கணவர் எழுதியது. நலம் விசாரித்தபின், தாம் புறப்படும்போது முடுக்குக்கு அப்பாலுள்ள வீட்டாரிடம் 40 வெள்ளி ரூபாய் கடனாகப் பெற்றதை நினைவூட்டி, கற்கள் விற்றதும் அனுப்புவதாகவும், அதுவரை பொறுத்துக்கொள்ளும்படி அவர்களிடம் பணிவுடன் சொல்லுமாறும் எழுதியிருந்தார். அடுத்த கடிதங்களில் அப்பேச்சே இல்லை. மறு ஆண்டில் அவர் கொழும்பிலேயே வஃபாத்தாகிவிட்டார் என்பதை மாமி அறிவார். கடன் தீர்ந்ததா என்பதை அறியார்.

படித்த மாணவி நிறுத்திவிட்டாள். மாமி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “தொண்ணூறு வருஷமா அவுங்க அதோடவா இருக்காங்க?” என்று கேட்டார்.

கடனாளியின் ஜனாஸாவில் தொழுகை நடத்தாமல் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தயங்கியதையும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றபின் தொழுவித்ததையும் நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். அந்தப் பாடம் ஒரு வீட்டின் முற்றத்தில் உயிரோடு வந்து நின்றதை அன்றுதான் கண்டோம்.

விவரம் அறிந்த ஆலிம்களிடம் கேட்டோம். உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கடன் இருந்தது உறுதி; அடைத்தது ஐயம். எனவே அடைத்ததற்குச் சான்று கிடைக்கும்வரை கடன் இருப்பதாகவே கொள்ள வேண்டும். சூரா அந்நிஸாவின்படி கடன் தீர்த்தபின்தான் வாரிசுப் பங்கீடு. ஆனால் கடன், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தைச் சார்ந்தது. வீடு அவர் மனைவியுடையது; ஆகவே வீட்டின்மீது அது ஏறாது, மாமியின்மீதும் கட்டாயம் ஆகாது. அவர் தாமாக ஏற்றுக்கொண்டால் அது நன்கொடை. மாமி உடனே ஏற்றுக்கொண்டார்.

எவ்வளவு? 40 ரூபாய் கொடுத்தால் போதும் என்றார் ஒருவர். இன்னொருவர் அதை ஏற்கவில்லை: பெற்றது வெள்ளி நாணயம், ஷாஃபிஈ மத்ஹபின்படி பெற்றதற்கு ஒப்பானதையே திருப்ப வேண்டும், நாணயம் வழக்கொழிந்திருந்தால் அதன் வெள்ளியைக் கணக்கிட வேண்டும் என்றார். அக்காலத்து ஒரு ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நாற்பதுக்கு 427 கிராமுக்குச் சற்று அதிகம். கணக்குப் போட்டவள் கடிதத்தைப் படித்த அதே மாணவி. பேணுதலான இக்கருத்தையே மாமி தேர்ந்தார்.

ரஜபில் அவ்வீட்டில் பெண்களுக்கு மட்டுமான அமர்வு ஒன்று நடைபெற்றது. ஒலிபெருக்கி இல்லை; கைப்பேசிகள் வாசலில் ஒரு தட்டில். அனைவரும் முடுக்கு வழியாக வந்தனர். பிள்ளைகள் மூன்று கடிதங்களைப் படித்தனர். இறுதியாக, மாமியின் விருப்பப்படி, பதினோராவது கடிதம். கடன் கொடுத்தவரின் பேத்தி அங்கேயே அமர்ந்திருந்தார். “நாங்க ஹலாலாக்கிட்டோம் மாமி, அழாதீங்க” என்று எழுந்து கையைப் பற்றிக்கொண்டார்.

அவர் தம் பங்கை விட்டுக்கொடுக்கலாம். பிறர் பங்கை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. பருவமடையாத வாரிசுக்காக எவரும் மன்னிக்கவும் முடியாது. மூன்று தலைமுறைகளின் வாரிசுகளை எழுதத் தொடங்கினோம். அன்றிரவுக்குள் 34 பெயர்கள் சேர்ந்தன. குடும்பக் கிளைகள், மணவுறவுகள், யார் எந்த ஊரில் மறைந்தார் என்பதெல்லாம் கூடியிருந்த பெண்களின் நாவில் இருந்தது. எத்தனையோ அமர்வுகளில் கேட்டிராத அளவு ஊர் வரலாற்றை அந்த ஓரிரவில் கேட்டோம்.

பழைய வீடுகளை விற்போரைக் கூட்டங்களில் சிலர் கடிந்து பேசுகின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. சுண்ணாம்புக் காரை உதிர்கிறது, கரையான் தேக்கையும் விடுவதில்லை, பங்காளிகளோ பலர். மாமியின் இரு மகள்களுள் ஒருவர் விற்க விரும்புகிறார். அது அவர்களுடைய உரிமை. விற்குமுன் பெட்டியைத் திறந்து பார்க்குமாறு மட்டும் ஒவ்வொரு வீட்டாரிடமும் கேட்டுக்கொள்கிறோம். அரபுத்தமிழ் என்று தெரியாமல், குர்ஆன் எழுத்து என்று கருதிக் கண்ணியமாகக் கடலில் விட்டவர்கள், மண்ணில் புதைத்தவர்கள் உண்டு. எந்தக் கடனும் எந்த வஸிய்யத்தும் அதனோடு சென்றன என்பதை அல்லாஹ்வே அறிவான்.

34 பேரில் 29 பேர் எழுத்து மூலம் விட்டுக்கொடுத்துள்ளனர். இருவர் தம் பங்கைப் பெற்று அதை ஸதகாவாக்கினர். ஒரு சிறுவனின் பங்கு அவன் வலீயிடம் ஒப்படைக்கப்பட்டது. எஞ்சிய இருவர் ஹாங்காங்கில் இருப்பதாகத் தகவல், முகவரி தேடிக்கொண்டிருக்கிறோம். கட்டில் இன்னும் 16 கடிதங்கள் பிரிக்கப்படவில்லை. ஞாயிறுதோறும் லுஹருக்குப் பின் பிள்ளைகள் மாமியின் வீட்டுக்குப் போய்வருகின்றனர்.