தட்டைத் திருப்பிப் பாருங்கள்



மயிலாடும்பாறையிலிருந்து அண்ணன் மகன் வாட்ஸப்பில் சில படங்கள் அனுப்பியிருந்தான். பித்தளைப் பட்டை அடித்த தேக்குப் பெட்டகம், கடைசல் கால் வைத்த வட்ட மேசை, பூப்போட்ட பீங்கான் தட்டுகள். "காரைக்குடியிலிருந்து ஒருத்தர் வந்து கேட்கிறாரு சித்தப்பா. லண்டன்ல இதெல்லாம் என்ன விலைக்குப் போகும்?" ஊர்க்காரர்களே, உங்களில் சிலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

லண்டன் ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். நூறு வயதைக் கடந்த கலைப்பொருளைத் தனியார் யாரும் இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. 1972-இல் இயற்றிய தொல்பொருள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் அமலில் இருக்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. நூறு வயது ஆகாத பொருளுக்கு, 'இது தொல்பொருள் அல்ல' என்று மத்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கலாம். அப்படியே வந்து சேர்ந்தாலும் இங்கே லண்டனில் நிலைமை ஒன்றும் பிரமாதமில்லை. 2000-க்குப் பிறகு பழைய மஹோகனி மேசை, அலமாரிகளின் விலை படுத்துவிட்டது. இன்றைய சின்ன ஃபிளாட்டில் அவ்வளவு பெரிய அலமாரியை எங்கே நிறுத்துவது?

காரைக்குடிக்காரர் வருவதற்குக் காரணம் உண்டு. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் நகரத்தார் அங்கே நடத்திய தொழிலை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். பின்னால் அங்கிருந்த நிலமும் வங்கியும் அரசுடைமை ஆயின. செட்டிநாட்டு வீடுகள் பல ஆளற்றுப் போய், பிரித்து விற்கப்பட்டன. பர்மா தேக்குத் தூண், கதவு, ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து குவிந்தன. அந்தக் கடைக்காரர்களுக்குப் பொருளைப் பார்த்ததும் வயது தெரியும். நமக்குத் தெரியாது. வியாபாரமே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

அதனால் நீங்களும் கொஞ்சம் பார்க்கப் பழகுங்கள். வட்ட மேசையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. நெடுநாள் கண்ட மேசை லேசாக முட்டை வடிவமாகியிருக்கும். இழுப்பறையின் மூலையில் பலகைகள் ஒன்றையொன்று கவ்வும் பற்கள் கோணல்மாணலாக இருந்தால் கைவேலை, அச்சடித்த மாதிரி இருந்தால் எந்திரவேலை. தட்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். 1891 முதல் அமெரிக்கா தனக்கு வரும் சரக்கில் உற்பத்தி செய்த நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்றது. 'நிப்பான்' (ஜப்பான்) என்றிருந்தால் பெரும்பாலும் 1921-க்கு முந்தியது, 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரானது' என்றிருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சில ஆண்டுகள். முத்திரையையும் போலியாகப் போடுவார்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். நகத்தால் சுண்டினால் நல்ல பீங்கான் கணீரென்னும். மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாகிவிடும்.

பெட்டகம் கண்டமனூர் ஜமீன் வீட்டிலிருந்து வந்தது என்கிறான் பையன். ஜமீன் நொடித்த கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால் பழைய பெட்டி எதுவானாலும் ஜமீன் பெட்டிதான்! ஏலம் எடுத்த ரசீதோ பழைய புகைப்படமோ கடிதமோ இருந்தால் அந்தக் கதைக்கும் விலை உண்டு. இல்லையென்றால் அது வெறும் தேக்குப் பெட்டி. லண்டனில் நல்ல கடையில் வாங்கினால், பொருள் அந்தக் காலத்தில் செய்ததா, அந்தக் காலப் பாணியில் பின்னால் செய்ததா என்று ரசீதிலேயே எழுதித் தருவார்கள். இரண்டுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும். நம் ஊர்ப் பேரத்தில் இதெல்லாம் வாய்ப்பேச்சோடு போய்விடுகிறது.

எதையும் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், புது வார்னிஷ் அடிக்காதீர்கள். பழைய நிறம் போனால் விலையில் பாதி போயிற்று. விற்பது என்று முடிவு செய்தால், அளவு எடுத்து, படம் பிடித்து, குறைந்தது இரண்டு கடையிலாவது விலை கேளுங்கள். வாங்குபவரிடம் தொல்பொருள் விற்கும் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள், ரசீது கேளுங்கள். தர மாட்டேன் என்றால் விற்காதீர்கள்.