பிழைச் செய்தி வராத இடம்

நான் அழித்த கோப்பின் பெயர் மூன்றே எழுத்து. என்டிசி.

2018இல் ஹராரேயில், ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் மூன்று மாதம் வேலை பார்த்தேன். பணம் அனுப்பும் மொபைல் செயலி. மொழிக் கோப்புகளைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. ஆங்கிலம், ஷோனா, இண்டெபெலே மூன்றும் முழுமையாக இருந்தன. நான்காவது பாதிதான் நிரம்பியிருந்தது. தேடிப் பார்த்தேன். 'ண்டாவ், ஷோனாவின் கிழக்கு வட்டார வழக்கு' என்று வந்தது. வழக்குதானே? கோப்பை அழித்துவிட்டு, அந்த மொழியைக் கேட்டால் ஷோனாவைக் காட்டு என்று ஒரு வரி எழுதினேன். எங்கள் தொழிலில் இதற்கு 'ஃபால்பேக்' என்று பெயர். கேட்டது இல்லையென்றால் அதற்குப் பக்கத்தில் இருப்பதைக் கொடுத்துவிடும். பிழைச் செய்தி வராது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எதிரே உட்கார்ந்திருந்த டெஸ்டர் நண்பர் கேட்டார். "அந்த ஃபைலை நீங்கதான் எடுத்தீங்களா?"

"ஆமா. டூப்ளிகேட்னு நெனச்சேன்."

"எங்க அம்மாவுக்காகப் போட்டது. ராத்திரி உக்காந்து எழுதினேன், முடிக்க முடியல."

அவர் சிபிங்கே மாவட்டத்துக்காரர். கோபப்படவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. "அவங்களுக்கு ஷோனா புரியாதா?" என்று கேட்டுவைத்தேன்.

"புரியும். ஆனா பண விஷயம் பாருங்க. ஒரு வார்த்தை சந்தேகமா இருந்தாலும் பட்டனை அமுக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட போனைக் குடுத்துருவாங்க. பின் நம்பரையும் சேத்து."

ண் என்ற எழுத்து தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. அந்தப் பெயரை நான் சரியாகச் சொல்லவே சில நாள் ஆனது. ண்டாவ் பேசுபவர்கள் ஜிம்பாப்வேயின் தென்கிழக்கில் சிபிங்கே, சிமனிமனி மாவட்டங்களில் இருக்கிறார்கள். எல்லைக்கு அப்பால் மொசாம்பிக்கின் மனிகா, சொஃபாலா மாகாணங்களிலும் இருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து வந்த ஸோஷங்கானேயின் காஸா அரசு இவர்களை ஆண்டது. இவர்கள் பேச்சில் ங்குனி மொழிச் சொற்களும், நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகளும் கலந்தது அப்படித்தான். 1891இல் பிரிட்டனும் போர்ச்சுகலும் ஒப்பந்தம் போட்டு இந்த நிலத்தின் நடுவே கோடு கிழித்தன. இந்தப் பக்கம் ஃபால்பேக் ஷோனா. அந்தப் பக்கம் போர்த்துகீசியம்.

ஷோனாவையே ஒருவர் உட்கார்ந்து கோத்தெடுத்தார் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மிஷனரிகள் ஆளுக்கொரு வழக்கில் புத்தகம் அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். சிஷவாஷாவில் ஸெஸுரு, மோர்கன்ஸ்டரில் கரங்கா, பென்ஹலோங்காவில் மன்யிகா, மவுண்ட் செலிண்டாவில் ண்டாவ். எழுத்துமுறையும் ஊருக்கு ஒன்று. இதைச் சீராக்க அரசு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிளமென்ட் டோக் என்ற மொழியியலாளரை அழைத்தது. 1931இல் அவருடைய அறிக்கை வந்தது. இலக்கணத்துக்கு அடிப்படை கரங்காவும் ஸெஸுருவும். சொற்களில் மன்யிகாவுக்கும் ண்டாவுக்கும் இடம் உண்டு. ஆனால் இலக்கணத்தில் ண்டாவ் ஓரத்தில் நின்றது.

டோக்கைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரே பாடப்புத்தகத்தைப் பல வழக்குகளில் அச்சிட யார் காசு கொடுப்பார்கள்? நானும் அதே கணக்கைத்தான் போட்டேன். அவர் ஊர் ஊராகப் போய்க் கேட்டுவிட்டு எழுதினார். நான் எதிர் மேசையில்கூடக் கேட்கவில்லை.

நண்பர் பள்ளிக் கதை ஒன்று சொன்னார். ஷோனா கட்டுரையில் வீட்டில் பேசும் சொல்லை எழுதினால் சிவப்பு மையால் சுழிப்பார்களாம். "ஆங்கிலத்துல தப்பு பண்ணினா வருத்தம் இல்ல. அது அவங்க மொழி. இது என் மொழின்னு சொல்லிக் குடுத்துட்டு, அதுல நான் தப்புன்னா?" ஹராரேக்கு வந்த பிறகு வேறு தொல்லை. சிபிங்கே என்று சொன்னாலே, "ஐயோ, மருந்து வெச்சுடாதீங்க" என்று சிரிப்பார்கள். ண்டாவ்காரர்களின் மாந்திரீகத்துக்கு நாடு முழுக்க அப்படி ஒரு பெயர். அதனால் அலுவலகத்தில் அவர் பேச்சைச் சுத்தமான ஸெஸுருவுக்கு மாற்றிக்கொண்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2013இல் ஜிம்பாப்வேயின் புதிய அரசியலமைப்பு 16 மொழிகளை அங்கீகரித்தது. பட்டியலில் ஷோனா ஒரு மொழி, ண்டாவ் இன்னொரு மொழி. நான் 'வழக்குதானே' என்று கோப்பை அழித்தபோது அது சட்டப்படி மொழியாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது. கோப்பைத் திரும்பச் சேர்க்கக் கேட்டுப் பார்த்தேன். பாதி மொழிபெயர்ப்போடு வெளியிட முடியாது, பயனர் எண்ணிக்கையும் தெரியாது என்றார்கள். எண்ணிக்கை எப்படித் தெரியும்? அவர்கள் எல்லோரும் ஷோனாவில்தானே பதிவாகியிருந்தார்கள்.

2019 மார்ச் 14 இரவு இடாய் புயல் பெய்ராவில் கரையேறியது. பூசி ஆற்றுச் சமவெளியை மூழ்கடித்து, எல்லை தாண்டி, சிமனிமனி மலைகளில் கொட்டித் தீர்த்தது. மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையில் உட்கார்ந்து புயலின் பாதையை வரைபடத்தில் பார்த்தேன். ண்டாவ் பேசும் நிலத்துக்குக் குறுக்கே அது நடந்து போயிருந்தது. கோட்டின் இரண்டு பக்கமும்.

நண்பருக்குச் செய்தி அனுப்பினேன். ஐந்து நாள் ஒற்றை டிக்தான். ஆறாம் நாள் பதில் வந்தது. முதல் வரி ண்டாவில் இருந்தது. எனக்குப் புரியாது என்று அவருக்குத் தெரியும். அடுத்த வரி ஆங்கிலம். அம்மா நலம், ஒரு பக்கச் சுவர் விழுந்துவிட்டது, டவர் வந்ததும் பணம் அனுப்பினேன்.

"எடுத்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துக் குடுத்தான்."

எங்கள் சர்வர் பதிவேட்டில் அந்தப் பரிமாற்றம் இப்படித்தான் இருக்கும். மொழி ஷோனா, நிலை வெற்றி.