தீயின் பக்குவம்: ஜப்பானின் வறுத்த தேயிலைகள்

ஜப்பானியப் பச்சைத் தேயிலையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நிழலில் வளர்த்த இளங்கொழுந்தையும், அதன் பசுமையையும், உமாமி எனப்படும் ஐந்தாம் சுவையையும் சுற்றியே நடக்கிறது. அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், முற்றிய இலையையும் காம்பையும் வறுத்துச் செய்யும் ஹோஜிச்சா என்னும் பழுப்பு நிறத் தேயிலைக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைக்கும். ஆனால் நெருப்பில் பக்குவப்பட்ட இலையைப் பச்சை இலைக்குரிய அளவுகோலால் மதிப்பிடுவது பொருந்தாது. அதை முகரவும் வடிக்கவும் சுவைக்கவும் தனி முறை உண்டு.

ஜப்பானில் பறித்த இலையை உடனே நீராவியில் அவித்துவிடுவதால், இலையைக் கறுக்கச் செய்யும் நொதிகள் செயலிழந்து பச்சை நிறம் நிலைபெறுகிறது. உஜித்தவாராவைச் சேர்ந்த நாகத்தானி சோஎன் 1738-இல் செம்மைப்படுத்திய முறைப்படி, அவித்த இலையை உருட்டி உலர்த்தினால் கிடைப்பது சென்ச்சா. பின்பருவங்களில் பறிக்கும் முற்றிய இலையிலிருந்து வருவது பான்ச்சா. இவற்றையோ, தரம் பிரிக்கையில் ஒதுங்கும் காம்புகளையோ ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வறுத்தால் ஹோஜிச்சா ஆகிறது. அந்தச் சூட்டில் இலையிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து பைரசின்கள் என்னும் மணப்பொருள்களைத் தருகின்றன. வறுத்த வேர்க்கடலையிலும் எள்ளிலும் காபிக்கொட்டையிலும் எழும் வாசனைக்கும் இவ்வகைப் பொருள்களே காரணம். உமாமிக்கு அடிப்படையான தியானினும், துவர்ப்பைத் தரும் கேட்டச்சின்களும் வறுபடும்போது குறைந்துவிடுவதால், இந்தத் தேயிலை சுவையில் இழந்ததை மணத்தில் ஈட்டிக்கொள்கிறது எனலாம்.

ஒரே நெருப்பு எல்லா இலையையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுவதில்லை. கானசாவா நகரில் மெய்ஜி காலத்தில் தோன்றிய காகா போச்சா காம்புகளை மட்டும் வறுத்துச் செய்யப்படுவது. காம்பில் இயல்பாகவே இனிமை மிகுந்திருப்பதால் அதன் மணம் மென்மையாகவும் தெளிவாகவும் அமைகிறது. கியோத்தோ வீடுகளில் அன்றாடம் புழங்கும் கியோபான்ச்சாவோ, பெரிய இலைகளைச் சுள்ளியோடு சேர்த்து வெட்டி, அவித்து, உருட்டாமலே உலர்த்தி, சூடான இரும்புச் சட்டியில் கடுமையாக வறுத்தெடுப்பது. அதில் எழும் புகைவாசனை புதியவரைத் திடுக்கிட வைத்தாலும், அதைக் குறையென்று கொள்ளாமல் அந்தத் தேயிலையின் அடையாளமாகவே கொள்ள வேண்டும்.

வடிக்கும் முறையும் இதற்கேற்ப மாறுகிறது. உயர்ந்த சென்ச்சாவில் துவர்ப்பு மிகாதிருக்கவே நீரை 70 அல்லது 80 டிகிரிக்கு ஆறவிடுகிறார்கள். துவர்ப்பு முன்பே அடங்கிவிட்ட வறுத்த இலைக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. கொதிக்கும் நீரை நேரே ஊற்றினால்தான் மணம் முழுமையாக மேலெழும். இலை பருத்தும் எடை குறைந்தும் இருப்பதால் கரண்டிக் கணக்கை நம்பாமல், 100 மில்லி நீருக்கு 2 முதல் 3 கிராம் வரை எடைபோட்டு இட்டு, அரை நிமிடம் ஊறவிட்டு, கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுவது நல்லது. இலையில் நீர் தேங்கினால் அடுத்த வடிப்பு கசந்துபோகும். கியோபான்ச்சாவை மட்டும் பெரிய கெண்டியில் பல நிமிடங்கள் ஊறவிடலாம். வேனிற்காலத்தில் அதை ஆறவைத்துக் குளிர்ச்சியாகவும் அருந்துவர்.

சுவைக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது மணம் எங்கே நிற்கிறது என்பது. நல்ல வறுவலில் இனிய மணம் விழுங்கிய பின்னும் மூக்கில் தங்கும், நாக்கு விரைவில் தெளிந்துவிடும். கருகிய வறுவலில் சாம்பல் போன்ற கசப்பு அடிநாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஹோஜிச்சாவில் காஃபீன் அறவே இல்லை என்ற பரவலான நம்பிக்கை சரியன்று. ஜப்பான் அரசின் உணவுச் சத்து அட்டவணை, 100 மில்லி தேநீருக்கு ஹோஜிச்சாவிலும் சென்ச்சாவிலும் 20 மில்லிகிராம் என்றே காட்டுகிறது; நிழலில் வளர்க்கும் கியோக்குரோவில் அது 160 மில்லிகிராம். மூலப்பொருளும் இடும் அளவும் வடிக்கும் நேரமும் அந்தக் கணக்கை மாற்றிவிடும் என்பதால், இரவில் அருந்த விரும்புவோர் காம்பையோ முற்றிய இலையையோ கொண்டு செய்ததைத் தேர்ந்தெடுப்பது பொருத்தம்.

வறுத்த மணம் நீண்ட நாள் நிற்காது. ஆகவே சிறிதளவே வாங்கிக் காற்றுப் புகாமல் வைக்க வேண்டும். வீரியம் குறைந்துபோன பச்சைத் தேயிலை வீட்டில் இருந்தால் அதை எறிந்துவிட வேண்டியதில்லை. எண்ணெய்ப் பசையில்லாத வாணலியில் சிறுதீயில் கைவிடாமல் கிளறி, காம்புகள் பழுப்பேறி வாசனை எழுந்ததும் இறக்கி, வேறு தட்டில் உடனே பரப்பிவிட்டால் போதும். அன்றே வறுத்து அன்றே வடித்த அந்தத் தேநீர், நெடுநாள் அடைந்து கிடந்த விலையுயர்ந்த பொட்டலத்தை மணத்தில் வென்றுவிடும்.