இரண்டாவது கியரில் கிளம்பிய பென்ஸ்

சிறுவயதில் பென்ஸ் காரை நான் அருகில் நின்று பார்த்தது பெடாஸ் வெந்நீர்க் குளத்தின் வாசலில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்க்காரர்கள் குளிக்க வருவார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் குளத்தை விட்டுவிட்டு, வாசலில் நிற்கும் கார்களை எண்ணிக்கொண்டிருப்போம். "ஒருநாள் உங்களையும் அம்மாவையும் இதில் ஏற்றிக்கொண்டு போவேன்" என்று அப்பாவிடம் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. அப்பாவுக்கு நினைவிருந்தது.

சென்ற ஆண்டு அதை நிறைவேற்றினேன். கோலாலம்பூரில் வேலை, சேமிப்பில் கொஞ்சம் பணம். 2009-இல் பதிவான சி200 கொம்ப்ரசர் ஒன்று புது மைவியின் விலையைவிடக் குறைவாகக் கிடைத்தது. எஞ்சின் 1,796 சிசிதான் என்பதால் ஆண்டுச் சாலை வரியும் 280 ரிங்கிட்டைத் தாண்டவில்லை. பெயர் மாற்றத்துக்கான புஸ்பகோம் சோதனையிலும் தேறியது. அந்தச் சோதனையில் பிரேக் பார்ப்பார்கள், புகை பார்ப்பார்கள், அடிச்சட்டத்தின் எண்ணைப் பார்ப்பார்கள். கார் எப்படிக் கிளம்புகிறது என்று பார்ப்பதில்லை.

அது தெரியவந்தது தீபாவளிக்கு முந்தைய வாரத்தில். எங்கள் வீடு தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. செம்மண் பாதையில் வந்து, சிரம்பான் - தம்பின் சாலையில் ஏற வேண்டும். கூட்டரசுச் சாலை 1 அது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் விரைந்து வரும் இடம். பின்னிருக்கையில் அம்மா, பக்கத்தில் அப்பா. தூரத்தில் ஒரு லாரி வந்தது. போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, வலப்பக்கம் திரும்ப எண்ணெயை அழுத்தினேன்.

கார் நகர்ந்தது, பாயவில்லை. கல்யாண வீட்டுக்குள் நுழையும் பெரிய மனிதரைப் போல நிதானமாக நகர்ந்தது. லாரிக்காரர் ஹார்னை அழுத்திப் பிடித்தார். அம்மா "முருகா" என்றார். பயந்துபோய் காலை முழுவதுமாக மிதித்ததும் எஞ்சின் உறுமி, கார் ஒரே தாவலில் எதிர்ப்பக்கம் சேர்ந்தது. சிரம்பான் போய்ச் சேரும்வரை யாரும் பேசவில்லை.

மறுநாள் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போச்சு. மாத்தணும்" என்றார். சொன்ன தொகை, காருக்கு நான் கொடுத்த பணத்தில் நாலில் ஒரு பங்கு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணத்தைவிட, அம்மாவை அந்த லாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேனே என்பதுதான் உறுத்தியது.

அப்பா பால்மரம் வெட்டியவர். முப்பது ஆண்டுகள் கப்சாய் மோட்டார் சைக்கிளின் இருபுறமும் பால் டின்களைக் கட்டிக்கொண்டு மேடு ஏறியவர். கார் ஓட்டத் தெரியாது. ஆனால் காலையில் கோப்பி குடித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, உன் காடி ஏன் ரெண்டாவது கியர்ல கிளம்புது?"

"ஆட்டோ கியர்ப்பா. அதுவே பார்த்துக்கும்."

"பார்த்துக்கட்டும். ஆனா ரெண்டுலதான் கிளம்புது. மேட்டுல பால் டின்னோட ரெண்டுல கிளம்புனா கப்சாய் இப்படித்தான் முனகும். நேத்து அதே சத்தம்."

காருக்குப் போய்ப் பார்த்தேன். கியர்க் கம்பியின் பக்கத்தில் ஒரு சிறிய பொத்தான். அழுத்தினால் மீட்டர் பலகையில் 'சி' என்ற எழுத்து 'எஸ்' ஆக மாறுகிறது. வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை. கையேட்டைத் தேடி எடுத்துப் படித்தபோது, அப்பாவின் காது சரி என்று தெரிந்தது.

'சி' என்றால் சொகுசு. இந்த 5 வேக கியர்பாக்ஸ் அந்த முறையில் இரண்டாவது கியரில்தான் கிளம்பும். இதே வகை கியர்பாக்ஸ் பொருத்திய முந்தைய கார்களில் இந்த இடத்தில் 'டபிள்யூ' என்று இருந்தது. குளிர்காலம் என்று பொருள். பனி உறைந்த சாலையில் சக்கரம் வழுக்காமல் மெதுவாகக் கிளம்புவதற்காக ஜெர்மனியில் யோசித்தது. அதை நான் பெடாஸ் முச்சந்தியில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கணக்கு எளிது. முதல் கியர் எஞ்சினின் இழுவிசையை ஏறக்குறைய 3.9 மடங்காக்கிச் சக்கரத்துப் பக்கம் அனுப்புகிறது. இரண்டாவது கியரில் அது 2.4 மடங்குதான். அதாவது, கிளம்பும் நொடியில் சக்கரத்துக்குக் கிடைப்பது பத்தில் ஆறு பங்கு. 'எஸ்' முறையில் முதல் கியரில் கிளம்பும். ஒவ்வொரு கியரையும் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். இரண்டிலும் எஞ்சின் அதே 184 குதிரைச் சக்திதான். பொத்தான் புதிதாகப் பலம் எதையும் கொடுப்பதில்லை. இருக்கும் பலம் எப்போது வெளியே வரும் என்பதைத்தான் மாற்றுகிறது.

அன்று பிற்பகல் ஆள் நடமாட்டமில்லாத தோட்டத்துத் தார்ச்சாலையில் அப்பாவும் நானும் சோதித்துப் பார்த்தோம். கோயில் முன்னால் தொடங்கி, பாதிக் கால் அழுத்தத்தில் கிளம்பினேன். மீட்டர் 40-ஐத் தொட்டபோது 'சி' முறையில் மூன்றாவது மின்கம்பத்தைத் தாண்டியிருந்தோம். 'எஸ்' முறையில் இரண்டாவது கம்பம்தான். பிறகு காலை முழுவதுமாக அழுத்திப் பார்த்தேன். அப்போது இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. தரைவரை மிதித்தால் 'சி' முறையும் முதல் கியருக்கு இறங்கிவிடும். லாரிக்கு முன்னால் கடைசி நொடியில் நடந்தது அதுதான். விலைப்பட்டியலில் போடும் 0 - 100 கணக்கெல்லாம் காலை முழுவதுமாக அழுத்தி எடுத்தது. முச்சந்தியில் நாம் யாரும் அப்படி மிதிப்பதில்லை.

அப்படியானால் எப்போதும் 'எஸ்' போதுமே என்று கேட்கலாம். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்; சத்தமும் கூடும். பெடாஸ் - லிங்கி சாவடியில் ஏறி, நெடுஞ்சாலையில் 110-இல் சீராகப் போகும்போது எந்த எழுத்து இருந்தாலும் ஓடுவது அதே 5-ஆவது கியரில்தான். அங்கே அதனால் பயனில்லை.

பட்டறைக்காரரையும் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். இந்த கியர்பாக்ஸில் உண்மையிலேயே கோளாறு வந்தால், தன்னைக் காத்துக்கொள்ள இரண்டாவது கியரிலேயே பூட்டிக்கொள்ளும். கிளம்பும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் பிரித்துப் பார்க்கக் காசு வேண்டாம். பொத்தானை மாற்றியும் இரண்டிலேயே கிளம்பி, வேகம் கூடியும் மேலே ஏறாமல் எஞ்சின் கத்திக்கொண்டே இருந்தால் அது கோளாறு. 'எஸ்' வைத்ததும் முதல் கியரில் கிளம்பி, வரிசையாக ஐந்துவரை ஏறினால் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. என் கார் ஏறியது. கியர் எண்ணெயை மட்டும் மாற்றினேன்.

பழைய சொகுசுக் கார் வாங்க நினைக்கும் இளைஞர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இது. பணம் கொடுக்குமுன் ஓட்டிப் பார்க்கும்போது, இருக்கிற எல்லா முறைகளிலும் ஓட்டிப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து பாதிக் காலில் கிளம்பிப் பாருங்கள். பிந்திய பென்ஸ்களில் இக்கோ, கம்ஃபர்ட், ஸ்போர்ட் என்று இருக்கும். நம் பெரோடுவா அத்திவாவின் ஸ்டியரிங்கில்கூட ஒரு பவர் பொத்தான் இருக்கிறது. உங்கள் கார் எந்த எழுத்தில் நிற்கிறது என்று தெரியாமல் பெரிய சாலையில் ஏறாதீர்கள். எந்த எழுத்தில் இருந்தாலும், லாரி போகட்டும் என்று காத்திருப்பதில் நட்டமில்லை. அதை நான் தாமதமாகத்தான் கற்றேன்.

தீபாவளியன்று மழை. கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது செம்மண் பாதை குழம்பாகக் கிடந்தது. பின்சக்கரத்தால் ஓடும் கார் இது. முதல் கியரில் கிளம்பியதும் சக்கரம் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது. அப்பா கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார். எழுத்து 'சி' ஆனது. கார் மெல்ல, வழுக்காமல் மேடு ஏறியது.

"சேத்துல ரெண்டுதான் நல்லது," என்றார். "இதுக்குத்தான் அவன் அந்த எழுத்த வச்சிருக்கான்."

இப்போதெல்லாம் முச்சந்திக்கு வந்ததும் நான் எதையும் தொடுவதில்லை. அப்பாவே 'எஸ்' போடுகிறார். இரண்டு பக்கமும் பார்க்கிறார். லாரிகள் போனபிறகு, "ம், போ" என்கிறார்.