சீட்டை இறக்காதீங்க... எண்ணுங்க!

ஜகார்த்தா போனா கெமயோரானுக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க ஃப்ரெண்ட்ஸ்! பழைய ஏர்போர்ட் இருந்த ஏரியா. இப்போ அங்கே 'ஜே.ஐ. எக்ஸ்போ'ங்கிற பிரமாண்ட கண்காட்சி வளாகம். 2018 ஆசிய விளையாட்டில் முதன்முறையா பிரிட்ஜ் ஆடினது இங்கேதான். ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் தட்டினது நம்ம பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். வயசு 60, 56!

'சீட்டுன்னா லக்குதானே'ன்னு இழுக்காதீங்க. இந்தப் போட்டியில் எல்லா டேபிளுக்கும் அதே சீட்டுதான் சுத்தி வரும். அதை யார் நல்லா ஆடினாங்கங்கிறதுக்குத்தான் மார்க்.

ஏலம் கேட்கும்போது ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. ஜோடிக்கு 25 தேறும்னு பட்டா 'கேம்' வரை துணிஞ்சு கேளுங்க. டம்மி கையை விரிச்சதும் பரபரன்னு சீட்டை இறக்கிடாதீங்க. எத்தனை பிடி உறுதி, மீதி எங்கேர்ந்து வரும்னு முதல்ல கணக்குப் போடுங்க.

ஹாஸ்டல் வார்டன் முறைச்சா? ஜகார்த்தா தங்கத்தைச் சொல்லிப் பாருங்க!